வாக்கியம் முடியவில்லை

என் முதல் பயிற்சித் தாள் திரும்பி வந்தபோது அதில் என் எழுத்தைவிடச் சிவப்பு மைதான் அதிகம் இருந்தது. குறிப்பு என்னவோ ஒன்றுதான். அதையே சார் வரிக்கு வரி எழுதியிருந்தார். ‘இரண்டாம் மாடியில் கீசர் பழுதாகிவிட்டு.’ வாக்கியம் முடியவில்லை. ‘குழாயில் தண்ணீர் நின்றுவிட்டு.’ வாக்கியம் முடியவில்லை. ‘மாடி அறையின் சாவி தொலைந்துவிட்டு.’ வாக்கியம் முடியவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன், குண்டாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இன்னும் எதை முடிக்கச் சொல்கிறார் என்று விளங்கவில்லை.

தென்காசிக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு சான்றிதழ்ப் படிப்பு வைத்திருந்தார்கள். அலுவலகத்துக்கும் தொழிலுக்கும் வேண்டிய எழுத்து: அறிக்கை, மின்னஞ்சல், செய்முறைக் குறிப்பு, அறிவிப்பு, எல்லாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் வகுப்பு. நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருப்பவள். சீசனில் ஞாயிறு மதியம் வரை அறை காலி செய்கிறவர்கள் கூட்டம் கவுன்டரில் நெரியும். அதை முடித்துவிட்டுச் சாப்பிட்டும் சாப்பிடாமலும் பஸ் ஏறினால், ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் கண் சொருகும். கண்டக்டர் தட்டி எழுப்பித்தான் பல வாரம் இறங்கியிருக்கிறேன்.

விரும்பிச் சேர்ந்த படிப்பு இல்லை. லாட்ஜை நடத்திவந்த பெரியவரின் பிள்ளைகள் அதைச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்களுக்கு எல்லாமே எழுத்தில் வேண்டும். தினசரி அறிக்கை, புகார் அறிக்கை, பராமரிப்பு அறிக்கை. முறையாகப் படித்து ஒரு சான்றிதழ் காட்டாவிட்டால் ரிசப்ஷனில் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று சென்னையிலிருந்து கம்பெனி மேனேஜர் போனில் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பழைய முதலாளி காலத்தில் எல்லாம் வாய்வார்த்தைதான். அது பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அண்ணாச்சி வாயைத் திறந்தால் காது கொண்டு கேட்க முடியாது.

வகுப்பு எடுத்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிற கௌரவ விரிவுரையாளர். அவரும் எங்களைப் போலவே சோர்ந்துபோய்த்தான் வருவார். என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கேலியில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

“மேடம், கீசர் பழுதாகிவிட்டு… அப்புறம்?”

“அப்புறம்னா?”

“பழுதாகிவிட்டு என்ன ஆச்சு?”

“பழுதாயிட்டு சார். அவ்வளவுதான். ஆளு வந்து பாக்கல.”

பின் வரிசையில் செங்கோட்டை மர டிப்போவில் குமாஸ்தாவாக இருப்பவர் எனக்குப் பரிந்து வந்தார். “கெட்டுப் போயிட்டு சார். சோலி முடிஞ்சிட்டு.”

“முடிஞ்சிட்டு எங்க போச்சு?” என்றார் சார்.

வகுப்பே சிரித்தது. அவருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை, எங்களுக்கு அவர் ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. கடைசியில் கடையநல்லூரிலிருந்து வருகிற பெண்தான் முடிச்சை அவிழ்த்தாள். அவள் டிராவல்ஸ் ஒன்றில் வளைகுடாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பவள், எல்லா ஊர்ப் பேச்சையும் போனில் கேட்டவள். “சார் ஊர்ல பஸ் போயிடுச்சும்பாங்க. நாம பஸ் போயிட்டும்போம். அவங்களுக்கு அது பாதில நிக்குத மாதிரி இருக்கும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குப் பஸ் போயிட்டு என்றால் பஸ் போய்விட்டது. சாருக்கோ, பஸ் எங்கேயோ போய்விட்டு வேறு ஏதோ செய்யப்போகிறது. நான் இதுநாள் வரை பேச்சில் இருக்கிற ‘போயிட்டு’க்குச் சட்டை மாட்டி ‘போய்விட்டு’ என்று எழுதி, அதுதான் எழுத்துத்தமிழ் என்று இருந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் யாரும் திருத்தவில்லை. திருத்த வேண்டியவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே, அவர்கள் கண்ணுக்கும் அது முடிந்த வாக்கியமாகவே தெரிந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளை வைத்துக்கொண்டு இந்த வயதில் போய் வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கியதில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்சம் கோபமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சார் கரும்பலகையில் ‘விட்டு’ என்று எழுதி அடித்து, ‘விட்டது’ என்று எழுதினார். பிறகு திரும்பி நின்று, அந்தப் படிப்பு முழுக்க அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை முதல் தடவையாகச் சொன்னார். “உங்க ஊரை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருத்தர் படிக்கிறார்னு நெனச்சு எழுதுங்க. அவருக்கு உங்க குரல் கேக்காது.”

குரல் என்றால் எங்கள் லாட்ஜில் அது அக்காவின் குரல்தான். சொந்த அக்கா இல்லை. அறை சுத்தம் பண்ணும் பெண்களுக்கு மேலாளாக இருந்தவர், நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தவர். இலஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மெயின் அருவி பக்கம் இறங்கி, தண்ணீர் எப்படி விழுகிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் லாட்ஜுக்கு நடப்பார். படியேறும்போதே சத்தம் கொடுப்பார். “தண்ணி கொறஞ்சிட்டு! போலாம்!” மாடியில் கதவுகள் திறக்கும். துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஆட்கள் இறங்குவார்கள். தண்ணீர் கூடியிருந்தால் “ஆர்ச்ச தாண்டி விழுது! யாரும் போவாதீய!” என்பார். அருவிக்கு முன்னால் இருக்கிற வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் குளிக்க விடாது என்பது குற்றாலம் வருகிற எல்லாருக்கும் தெரியும்.

கம்பெனி வந்ததும் அந்தச் சத்தம் நின்றது. காரிடாரில் யாரும் கத்தக் கூடாது. விருந்தினர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப், எந்தத் தகவலும் அதில் எழுத்தில் வர வேண்டும். குரல் பதிவு கூடாது, அது பதிவேட்டில் நிற்காது என்றார் மேனேஜர். அக்காவுக்குத் தமிழில் தட்டச்சு செய்ய விரல் ஓடாது. ஆனால் போனின் கீபோர்டில் மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று யாரோ காட்டிக் கொடுத்திருந்தார்கள். அருவிக் கரையில் நின்று, படியில் கத்துகிற அதே குரலில் போனைப் பார்த்துக் கத்துவார். போன் அப்படியே எழுதும். முற்றுப்புள்ளி மட்டும் வைக்காது.

ஆடி மாதச் சாரல் உச்சத்தில் இருந்த சமயம். முந்தின நாள் முழுக்கக் குளிக்கத் தடை. மறுநாள் விடிந்தபோது தண்ணீர் இறங்கியிருந்தது, போலீஸும் தடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அக்கா குரூப்பில் செய்தி போட்டார்: ‘மெயின் அருவியில தண்ணி கொறஞ்சிட்டு போலாம்’. அடுத்தடுத்து லாட்ஜிலிருந்து ஆட்கள் கிளம்பிப் போனார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் மட்டும் போகவில்லை. தாத்தா முதல் கைக்குழந்தை வரை, தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, லாபி சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கோ கவுன்டரில் தலைக்கு மேல் வேலை.

பிறகு மலையில் மழை பிடித்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தது, சைரன் ஊதினார்கள், மறுபடி தடை. அந்த வீட்டுப் பெரிய மகன் கவுன்டருக்கு வந்தார்.

“எப்பங்க தண்ணி குறையும்?”

“காலையிலேயே கொறஞ்சிட்டே சார். இப்பம் மறுபடி கூடிட்டு.”

“காலையிலேயே குறைஞ்சா ஏன் சொல்லல?”

“குரூப்ல போட்டிருந்தாவளே.”

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “என்ன போட்டிருக்கீங்க? குறைஞ்சிட்டு போலாம்னு. சரி, குறையட்டும், அப்புறம் போலாம்னு நாங்க உக்காந்திருக்கோம். குழந்தைக்கு எண்ணெய் தேச்சு எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் கீசர் தண்ணீரில் எண்ணெயைப் போக்கிக்கொண்டு, அருவியில் தலை நனைக்காமலே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். போன கையோடு இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, ஊழியர்கள் வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்து எங்கள் பயணத்தைக் கெடுத்தார்கள் என்று எழுதினார்கள். சென்னையிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை காலை நிகழ்வு அறிக்கை வேண்டும், செய்தியை அனுப்பியது யார், ஏன், இனி என்ன நடவடிக்கை என்று எல்லாம் இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். “அந்த லேடியை வெச்சுக்கறதா வேணாமான்னு அதைப் பார்த்துட்டுதான் முடிவு பண்ணணும்” என்றும் சொன்னார்.

அக்காவிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

“நான் என்னத்தட்டி தப்பா சொல்லிட்டேன்? கொறஞ்சிட்டு, போலாம்னுதான சொன்னேன். கொறையலன்னா போலாம்னு சொல்லுவனா?”

“நமக்குத் தெரியுதுக்கா. அவங்களுக்குத் தெரியலல்லா.”

“நீ அதுக்குத்தான படிக்கப் போற? தெரியுத மாதிரி எழுதி விடு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். குற்றாலத்து லாட்ஜுகளில் சீசன் முடிந்தால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருஷம் முழுக்க வேலை இருக்கிற இடம் எங்களுடையது. அக்கா வயதில் இன்னொரு இடத்தில் போய் நின்றால் முட்டி வலியோடு நடக்கிற நடையைப் பார்த்தே வேண்டாம் என்பார்கள். அவர் வீட்டில் அவர் ஒருவர்தான் சம்பாத்தியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் தூங்கவில்லை. மடியில் வைத்தே ஒரு வரைவு எழுதி, வகுப்பில் சாரிடம் கொடுத்தேன். ‘விருந்தினர் குழுவில் காலையில் ஒரு செய்தி அனுப்பப்பட்டது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது.’ எல்லா வாக்கியத்தையும் முடித்திருந்தேன். சார் ‘அனுப்பப்பட்டது’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டார்.

“யாரால்?”

“அத எழுதினா அவங்க வேலை போயிரும் சார்.”

அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். “எழுதலைன்னாலும் கம்பெனிக்குத் தெரியும் மேடம். குரூப்ல நம்பர் இருக்கு. நீங்க மறைச்சா, மறைக்க ஏதோ இருக்குன்னு ஆயிடும். ‘பட்டது, பட்டது’ன்னு எழுதறவங்க எல்லாம் எதையோ மறைக்கறவங்கதான். அந்த மெசேஜைக் காட்டுங்க.”

காட்டினேன். படித்தார். “சரியாத்தானே போட்டிருக்காங்க? தண்ணி குறைஞ்ச அப்புறம் போகலாம்னு.”

“இல்ல சார்” என்று டிப்போக்காரரும் கடையநல்லூர்ப் பெண்ணும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். “தண்ணி கொறஞ்சிட்டு. இப்பம் போலாம்.”

சார் போனை மறுபடி பார்த்தார். உதட்டை அசைத்து, இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தார். அந்தப் படிப்பில் அவர் முகத்தில் அலுப்பில்லாமல் நான் பார்த்தது அன்றுதான். “இதை எழுதுங்க” என்றார். “அவங்க யாரு, எங்க நின்னு அனுப்பினாங்க, இந்த ஊர்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், சென்னைல என்ன அர்த்தம். அபிப்பிராயம் வேணாம், கெஞ்சலும் வேணாம். படிக்கிறவருக்கே புரிஞ்சிடும்.”

வகுப்பு நேரம் முழுக்க அதையே எழுதினேன், மற்றவர்கள் மின்னஞ்சல் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அக்காவின் பேரை எழுதினேன். எத்தனையோ வருஷமாக அவர்தான் அருவியைப் பார்த்துத் தகவல் சொல்லுகிறார், ஒரு நாளும் தவறாகச் சொன்னதில்லை என்று எழுதினேன். சார் அதில் ‘ஒரு நாளும்’ என்பதை அடித்துவிட்டு, ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று போடச் சொன்னார். ‘தண்ணி கொறஞ்சிட்டு’ என்பது தென்காசிப் பேச்சில் முடிந்த வாக்கியம், ‘தண்ணீர் குறைந்துவிட்டது’ என்று பொருள் என்று தனி வரியில் எழுதினேன். அன்று அதே செய்தியைப் படித்த திருநெல்வேலிப் பக்கத்து விருந்தினர்கள் எல்லாரும் அருவிக்குப் போய்க் குளித்து வந்ததை எழுதினேன். இனிமேல் செய்தியில் ‘இப்போது குளிக்கலாம்’, ‘இப்போது குளிக்க முடியாது’ என்ற இரண்டே வாக்கியங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்று நடவடிக்கையும் சொன்னேன்.

படித்துப் பார்க்க எனக்கே நன்றாக இருந்தது. சும்மா சொல்லவில்லை. எழுதி ஒரு காரியம் ஆகும் என்று அதுவரை நான் நம்பியதில்லை. சார் அதை வகுப்புக்கு உரக்கப் படித்துக் காட்டி, அறிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். டிப்போக்காரர் கை தட்டினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உடம்பு வலியே தெரியவில்லை.

அறிக்கையைத் திங்கட்கிழமை காலையில் அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. அறிக்கை கிடைத்தது என்று ஒரு வரி. இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் முடியாமல் நிற்கிறது, சரிசெய்து மறுபடி அனுப்பவும் என்று இன்னொரு வரி. எந்த வாக்கியம் என்று தெரிவதற்காக மஞ்சள் பூசியிருந்தார்கள். ‘தண்ணி கொறஞ்சிட்டு’.

அதற்குக் கீழே அக்காவுக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் இருந்தது. லாட்ஜ் தாளில் பிரின்ட் எடுத்து, முத்திரை போட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அழ வேண்டும் போலிருந்தது, அதற்கும் தெம்பு இல்லை. அவர்கள் முழுதாகப் படித்துவிட்டு நீக்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. மேனேஜருக்குப் போன் போட்டேன். ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா ரெவ்யூ அப்படியே நிக்குதே என்றார். விளக்கிப் பேச ஆரம்பித்தேன். இன்னொரு கால் வருகிறது என்று வைத்துவிட்டார்.

அக்கா கீழே இறங்கி வந்தபோது தாளை நீட்டினேன். கண்ணாடி கொண்டு வரல, நீயே வாசி என்றார். வாசித்தேன். ‘தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாடு காரணமாக, இவர் மாத இறுதியுடன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’

“யாரு விடுவிக்காவ?” என்றார் அக்கா.

“அது போடலக்கா.”

“நீ எழுதினது?”

“அனுப்பினேன். முழுசா படிக்கல அவனுவ.”

அக்கா தாளை வாங்கி, நான் காட்டிய இடத்தில் பேரை எழுதினார். அந்தக் கையெழுத்தைப் போட அவருக்கு நேரம் பிடித்தது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நீ படிச்சு முடிச்சிரு, ஏட்டி. பாதில விட்றாத” என்று மட்டும் சொன்னார்.

படித்து முடித்தேன். சான்றிதழைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியாயிற்று, நான் இன்னும் அதே கவுன்டரில்தான் இருக்கிறேன். குரூப்பில் இப்போது அருவிச் செய்தி போடுவது நான். இரண்டே வாக்கியங்கள், ஒன்றைக்கூட யாரும் தப்பாகப் படித்ததில்லை. அருவியைப் போய்ப் பார்த்து வர எனக்கு நேரமில்லை, பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுப் போடுகிறேன்.

மாதக் கடைசி நாள் அக்கா சாவிக் கொத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படி வரை போனார். வெளியே சாரல். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“வேல போயிட்டு. நான் வாரேன்.”

போனைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அது புள்ளி இல்லாமல் எழுதியிருக்கும், படிக்கிறவர்கள் வேலைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் எதிரில் இருந்தேன். அவர் எங்கே நிறுத்தினார் என்று எனக்குக் கேட்டது.